சக்கர வீட்டில் சைக்கிளுக்கு ஓர் இடம்

கோடை பிறந்துவிட்டால் அமெரிக்காவின் ஏரிக்கரைகளிலும் காட்டோர முகாம்களிலும் பிக்கப் வண்டிகள் இழுத்துவரும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு முழு வீடு. மேடை போல் உயர்ந்த முன்பகுதியில் படுக்கையறை, நடுவில் அடுப்பங்கரை, குளியலறை, பொத்தானை அழுத்தினால் பக்கவாட்டில் நீளும் கூடம் எல்லாம் இருக்கும். சைக்கிள் வைக்கத்தான் பெரும்பாலானவற்றில் இடம் இருக்காது. அது பின்பக்கம் தொங்கும், அல்லது பிக்கப்பின் மூக்கில் நிற்கும், அதுவும் முடியாவிட்டால் பயணம் முழுக்கச் சமையல் மேடைக்கும் சோபாவுக்கும் இடையே சாய்ந்து கிடக்கும். இந்தச் சக்கர வீட்டின் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினால், திருப்பந்தோறும் ஒரு சைக்கிள்காரர் நிற்கிறார். அதனால்தான் இந்த இடமின்மை உறுத்துகிறது.

முதல் திருப்பம் இங்கிலாந்தில். கார்டன் ஸ்டேபிள்ஸ் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கடற்படையில் மருத்துவராக இருந்தவர், சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். பிரிஸ்டல் வேகன் தொழிற்சாலையில் சொல்லிச் செய்வித்த மரவண்டியில் 1885-ல் அவர் ஊர் சுற்றக் கிளம்பினார். 'வாண்டரர்' என்று பெயரிடப்பட்ட அந்த வண்டியின் எடை சுமார் இரண்டு டன். இழுக்க இரண்டு குதிரைகள். பிழைப்புக்காக அல்லாமல் பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் இதுதான் என்பார்கள். வண்டியோட்டி, நாய், கிளி இவற்றோடு ஓர் உதவியாளரும் உடன் சென்றார். அவருடைய வேலை, மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய்ச் சாலையைப் பார்ப்பது. குறுகலான கிராமத்துப் பாதைகளில் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட முன்னறிவிப்பு தேவைப்பட்டது. ஆக, வீடு ஒன்று உல்லாசப் பயணம் புறப்பட்ட முதல் தடவையே சைக்கிளும் கூடப் போயிருக்கிறது; வீட்டுக்கு வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறது.

அடுத்தவர் லண்டன் தையற்காரர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். நண்பர்களோடு சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு அயர்லாந்தின் கானமாராவைச் சுற்றிவந்து, அதை 1898-ல் புத்தகமாக எழுதினார். தையல் தொழில் அவருக்கு இதில் கைகொடுத்தது: எடை குறைந்த துணியில் கூடாரம் தைப்பது எப்படி என்பதை அவர் அளவுக்கு யோசித்தவர்கள் அன்று குறைவு. 1901-ல் அவர் முயற்சியால் சைக்கிள் முகாமிடுவோர் சங்கம் ஒன்று உருவானது. பிரிட்டனில் கேரவன்காரர்களுக்கும் கூடாரக்காரர்களுக்கும் பொதுவாக இன்று இயங்கும் பெரிய முகாம் சங்கத்தின் வேர் அதுதான்.

அமெரிக்காவிலும் கதை வேறல்ல. 1910-ல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ் ஏரோ நிறுவனம் பயணக்கார் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. பின் இருக்கையை மடித்தால் படுக்கை, ஓட்டுநர் இருக்கையின் முதுகில் மடக்கு வாஷ்பேசின், ஓட்டுநரோடு பேசத் தொலைபேசி. ஓடும் வீடுகளின் அமெரிக்க வரலாற்றைப் பலரும் இங்கிருந்து தொடங்குகிறார்கள். பஃபலோ நகரத்து அந்த நிறுவனம் மோட்டார் காருக்கு வருமுன் பறவைக்கூண்டு செய்தது. பிறகு சைக்கிள் செய்து பெயர் வாங்கியது.

ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் மூலவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் கிளென் கர்ட்டிஸ். நியூயார்க் மாநிலத்தின் ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற சிற்றூரில் 1878-ல் பிறந்தார். வெஸ்டர்ன் யூனியனில் சைக்கிளில் போய்த் தந்தி கொடுக்கும் பையனாக வேலை பார்த்தார். உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டினார். பிறகு சொந்த ஊரில் சைக்கிள் கடை போட்டார். கடைக்குள் எஞ்சின் நுழைந்தது. தக்காளி டப்பாவைக் கார்புரேட்டராக்கி முதல் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்த்தார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் செய்தி. 1907 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில், எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய மோட்டார் சைக்கிளில் மணிக்கு 136 மைல் வேகம் போனார். மறு வருஷம் ஜூலை 4-ல் 'ஜூன் பக்' என்ற தன் விமானத்தை ஊரார் கண் முன்னே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கவிட்டார்.

பணம் சேர்ந்த பின் கர்ட்டிஸ் ஃபுளோரிடாவில் குடியேறினார். எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்கு வேட்டைக்குப் போவது அவருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. தங்கிச் சமைக்க வசதியான வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்ததில், 1920-களின் கடைசியில் பிறந்தது 'ஏரோகார்'. அதன் உடல் விமானத்தின் உடல்போல மெல்லிய மரச்சட்டமும் இழுத்துக் கட்டிய கம்பியுமாக அமைந்தது. இணைப்பு அதைவிட அழகு. இழுக்கும் காரின் பின்பகுதியில் காற்றடைத்த விமான டயர் ஒன்றைப் படுக்கையாக வைத்தார். டிரெய்லரின் மூக்கிலிருந்து இறங்கும் முளை அந்தச் சக்கரத்தின் நடுவில் செருகிக்கொள்ளும். சாலையின் அதிர்ச்சியை டயர் வாங்கிக்கொண்டதால் உள்ளே இருந்தவர்களுக்குக் குலுக்கல் குறைந்தது. 1930-ல், 52 வயதில், கர்ட்டிஸ் காலமானார். ஏரோகாரை அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் செய்து விற்றார்கள்.

சரக்கு வண்டிகளில் இதே வகை இணைப்பு அதற்குள் வந்துவிட்டது. டெட்ராய்ட் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் 1914-ல், மரவியாபாரி ஒருவரின் படகை ஏரிக்குக் கொண்டுபோகச் செய்துகொடுத்த வண்டியிலிருந்துதான் அமெரிக்க செமி டிரெய்லர் தொழில் வளர்ந்தது. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரியைக் கவனித்தவர்களுக்கு அமைப்பு புரியும்: லாரியின் பின்னச்சுக்கு மேலே கிரீஸ் தடவிய இரும்புத் தட்டு, டிரெய்லரின் அடியில் கிங் பின். ஃபிஃப்த் வீல் டிரெய்லரில் அந்தத் தட்டு பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். டிரெய்லர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிக்கப்பின் பின்னச்சின் மேல் நேராக இறங்குவதால், பம்பருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் டிரெய்லரைப்போல இது எளிதில் ஆடாது.

அந்தக் காலத்துச் சக்கர வீடுகளின் மிகப் புகழ்பெற்ற படத்திலும் சைக்கிள் இருக்கிறது. பிரெஞ்சுப் பந்தய வீரர் ஆல்ஃபிரட் லெதூர்னர், 1941-ல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் அருகே, காருக்குப் பின்னே காற்றுத் தடுப்பில் ஓட்டி, சைக்கிளில் மணிக்கு 108 மைலைத் தாண்டியவர். 1947-ல் அவர் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் அலுமினிய டிரெய்லர் ஒன்றைச் சைக்கிளில் கட்டி இழுத்துக் காட்டினார். டிரெய்லர் எவ்வளவு லேசானது என்று நிரூபிப்பதே நோக்கம். அந்தப் படமே நிறுவனத்தின் சின்னமாகவும் ஆனது. டிரெய்லரை இழுக்கும் சைக்கிளுக்கு விளம்பரத்தில் கிடைத்த மரியாதை, டிரெய்லரில் ஏறும் சைக்கிளுக்குத் தொழிற்சாலையில் கிடைக்கவில்லை.

சிக்கல் பெரிதானது 1970-களில். பிக்கப் வைத்திருக்கும் குடும்பங்கள் பெருகின. அவற்றோடு ஃபிஃப்த் வீலும் பரவியது. அதே நேரத்தில் அமெரிக்காவைச் சைக்கிள் மோகம் பிடித்தது. 1970-ல் சுமார் 70 லட்சமாக இருந்த சைக்கிள் விற்பனை, 1973-ல் ஒன்றரைக் கோடியை எட்டியது. அதுவரை சிறுவர்களின் பொருளாக இருந்ததைப் பெரியவர்களும் தங்களுக்கென்று வாங்கினார்கள். முகாமுக்குப் போனால் பெரிய வண்டியைக் கிளப்பாமல் கடைக்குப் போகவும், பிள்ளைகள் சுற்றிவரவும் சைக்கிள் வேண்டும். எங்கே வைப்பது?

கடைகளில் கிடைத்த ரேக்குகள் காருக்கென்று செய்யப்பட்டவை. மீன்பிடிக் கூடை செய்து தொழில் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு தூலே நிறுவனம் 1960-களிலிருந்து கார்க் கூரைக்கான ரேக்குகளைச் செய்துவந்தது. அமெரிக்காவில் டிக்கியிலும் பம்பரிலும் மாட்டும் வகைகள் விற்றன. ஃபிஃப்த் வீலின் கூரைக்கு இவை எதுவும் உதவாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வண்டியின் உயரம் 13½ அடியைத் தாண்டக் கூடாது; பெரிய டிரெய்லர்கள் ஏற்கெனவே அந்த வரம்பை ஒட்டி நிற்கின்றன. பிக்கப்பின் தொட்டியையோ இணைப்புத் தட்டு பிடித்துக்கொண்டது. மிச்சமுள்ள முன்மூலையில் சைக்கிளை நிறுத்தினால், வண்டி முழுக்கத் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு வந்து இடிக்கும்.

எஞ்சியது பின்பக்கம். அங்கே பம்பர் என்ற பெயரில் நான்கு அங்குலச் சதுரக் குழாய் ஒன்று இருக்கும். கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கத்தான் பலரும் அதைப் பயன்படுத்துவார்கள். மெல்லிய தகடு, சட்டத்தோடு சில இடங்களில் பற்றவைப்பு, அவ்வளவுதான். அதன்மேல் ரேக்கை மாட்டி நான்கு சைக்கிளைத் தொங்கவிட்டால் பற்றவைப்பு விரிசல் விடும், சில நேரம் குழாயே முறுக்கிக்கொண்டு சாயும். ஓட்டுநருக்கு இது தெரியாது. பின்கண்ணாடியில் அவருக்குத் தெரிவது டிரெய்லரின் முன்சுவர் மட்டுமே.

எடை மட்டும் காரணமல்ல, தூரமும் காரணம். காரில் பின்சக்கரத்துக்கும் ரேக்குக்கும் இடையே ஒரு கை நீட்டும் தொலைவு. டிரெய்லரில் அச்சுக்குப் பின்னால் பத்து அடிக்கு மேல் உடல் நீண்டிருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்த வால்முனை ஏற்றமரத்தின் நுனிபோல எழுந்து விழும். அந்த அடி முழுவதும் ரேக்கின் மூட்டில் இறங்கும். காரில் பல வருஷம் உழைத்த ரேக் இங்கே ஒரே கோடையில் முறிவது இதனால்தான். டிரெய்லருக்கென்று சான்று பெறாத ரேக்கை அதன் பின்னால் மாட்டக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் அச்சிடுகிறார்கள்.

ஆகவே வழி கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களும் ஊர் வெல்டர்களும்தான். பம்பரை விட்டுவிட்டு அடிச்சட்டத்தின் இரு கட்டைகளுக்கும் குறுக்கே கனத்த இரும்பைப் பற்றவைத்து, அதில் ரேக்கைச் செருகுவதற்கான இரண்டு அங்குலச் சதுரக் குழாயை, அதாவது ரிசீவரை, வைத்தார்கள். சிலர் பிக்கப்பின் முன்பக்கம் ரிசீவர் பொருத்தி, கண்ணெதிரே சைக்கிளைக் கொண்டுபோனார்கள். அங்கே விளக்கையும் ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கென்று பின்கதவே சாய்தளமாக இறங்கும் டிரெய்லர்கள் பின்னர் வந்தபோது, சைக்கிள் குடும்பங்களும் அவற்றை வாங்கின. பின்பகுதியில் அமைந்த அந்த வண்டிக் கொட்டகைக்கு விலையாக வீட்டின் கூடம் சுருங்கியது.

இப்போது மின்சார சைக்கிளின் காலம். ஒன்று 25 முதல் 30 கிலோ. இரண்டும் கனத்த ரேக்கும் சேர்ந்தால் 80 கிலோவைத் தொடும். தொழிற்சாலைகளும் அசைந்து கொடுத்திருக்கின்றன: அடிச்சட்டத்தோடு சேர்த்தே ரிசீவரைப் பற்றவைத்து, எத்தனை பவுண்டு தாங்கும் என்று பக்கத்திலேயே ஒட்டி அனுப்பும் டிரெய்லர்கள் விற்பனைக்கு உள்ளன. அந்த ரிசீவர் பின்னால் இன்னொரு வண்டியை இழுத்துச் செல்ல மட்டும், சைக்கிளைத் தூக்க அல்ல என்று சில கையேடுகள் பிரித்தும் சொல்கின்றன. வாங்குமுன் அந்த வரியைத் தேடிப் படிப்பவர்கள் பேட்டரிகளையும் கழற்றிப் பிக்கப்புக்குள் வைத்துவிடுகிறார்கள், ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு மூன்று கிலோ குறையும் என்பதற்காக.