முழங்காலை அறிந்த வரலாறு



பால்மரக் காட்டில் மேடு ஏறி இறங்குகிறவருக்கும், செம்பனைக் குலையைத் தூக்குகிறவருக்கும் அன்றாடப் பிழைப்பு முழங்காலில்தான் நிற்கிறது. மாலையில் திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே. அந்த மூட்டுக்குள் என்ன இருக்கிறது, மனிதர் அதை எப்படி அறிந்தனர், அந்த அறிவு தமிழுக்கு எப்போது வந்தது என்பதை இன்று பார்ப்போம்.

என் தகப்பனார் கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். எனக்குப் பத்து வயதிருக்கும். இரவு மழையில் ஊறிய சரிவில் அவர் பால் வாளியுடன் இறங்கும்போது, பாதம் சேற்றில் பதிந்து நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டதாம். மதியத்துக்குள் முழங்கால் பூசணிக்காய் போல் வீங்கியது. சுளுக்கு என்று சொல்லி, லயத்துப் பெரியவர் ஒருவர் காலை இழுத்து, சூடான எண்ணெய் தேய்த்து உருவினார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் அதன் பிறகு, சரிவில் இறங்கும்போதெல்லாம் அந்தக் கால் திடீரென மடங்கும். உருவிய பெரியவர் நல்ல மனத்தோடுதான் செய்தார். உள்ளே அறுந்திருந்தது என்ன என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.

மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்னால் கேடயம் போன்ற சில்லு. இவை கூடும் இடமே முழங்கால். தொடை எலும்பின் அடி உருண்டை; கணைக்கால் எலும்பின் மேற்புறமோ ஏறத்தாழத் தட்டை. தட்டின் மேல் உருண்டையை வைத்தால் நிற்குமா? அதை நிற்க வைப்பவை நான்கு உறுதியான நார்கள். இரண்டு பக்கத்துக்கு ஒன்றாக வெளியே இருக்கின்றன. மற்ற இரண்டும் மூட்டின் நடுவில், பெருக்கல் குறி போல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. எலும்புகளுக்கு நடுவே மெத்தையாகப் பிறைநிலா வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் உண்டு. பாதம் ஊன்றியிருக்க உடல் திரும்பினால், முன்பக்கக் குறுக்கு நார் அறுந்துபோகலாம். உள்ளே இரத்தம் கசிவதால்தான் சில மணி நேரத்திலேயே வீக்கம் காண்கிறது.

இந்தக் குறுக்கு நார்களின் வேலையைச் சோதித்துச் சொன்னவர்களுள் ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள் முக்கியமானவர்கள். மனிதன் நடக்கும் விதம் பற்றி அவர்கள் 1836-ல் நூல் வெளியிட்டனர். நார் அறுந்தால் கணைக்கால் எலும்பு இடம் பெயர்ந்து ஆடும் என்று காட்டினர்.

அறுந்த நாரைத் தைக்க முடியுமா? 1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் அதைச் செய்தார். நோயாளி ஒரு பிரபுவல்லர். 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி. மண் சரிந்து விழுந்ததில் அவருடைய இரண்டு குறுக்கு நார்களும் அறுந்திருந்தன. தைத்து ஆறு ஆண்டுகள் சென்ற பின்னும் அவர் நடந்தார், ஓடினார். ஆனால் வெறுமனே தைப்பது எல்லாருக்கும் நிலைக்கவில்லை. 1917-ல் ஹே குரோவ்ஸ் என்பவர், நோயாளியின் தொடையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துப் புது நாராக அமைத்தார். இன்றைய சிகிச்சைக்கும் அதுவே அடிப்படை.

இனி நம் மொழிக்கு வருவோம். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்துக்கொண்டே, இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். தமிழ் கற்று, பின்னாளில் தமிழிலேயே பாடம் நடத்தினார். லண்டனில் 1858-ல் வெளிவந்த கிரே என்பாரின் உடற்கூற்று நூல் எலும்பு, மூட்டு, நரம்பு என்று எல்லாவற்றையும் விளக்குவது. அது 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-ல் தமிழில் வந்தது. ராப்சன் அந்தத் தொழிலாளியின் நாரைத் தைப்பதற்கு 23 ஆண்டுகள் முன்பே, உடலின் உள்ளமைப்பைத் தமிழில் படிக்க வழி இருந்தது!

அதே யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ பேர் இரயில்வே வேலைக்கும் அரசாங்க எழுத்து வேலைக்கும் மலாயா வந்து, பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார்கள். அங்கே ஸ்காட் சாலையில் உள்ள கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியதே. கிள்ளானுக்கும் அவ்விடத்துக்கும் இரயில் ஓடியது. ஆயினும் அந்த அறிவு எங்கள் லயத்து வாசலுக்கு வந்து சேரவில்லை. தமிழில் இல்லாமலல்ல, கொண்டுவந்து கொடுப்பார் இல்லாமல்.

ஆகவே, இன்று இதைக் கேட்கும் நீங்கள் வீட்டில் சொல்லி வையுங்கள். முழங்கால் திருகி வீங்கினால் இழுக்கவும் உருவவும் வேண்டாம். முதல் இரண்டு நாள் சூடும் வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வையுங்கள். 'டப்' சத்தம், விரைவான வீக்கம், ஊன்ற முடியாமை, மூட்டு பூட்டிக்கொள்வது, அடிக்கடி மடங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். பாதம் சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

எல்லாருக்கும் அறுவை தேவைப்படாது. பக்கத்து நார்கள் பெரும்பாலும் ஓய்விலும் பயிற்சியிலும் ஆறும். குறுக்கு நார் அறுந்தவர்களிலும் பலர், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியால் தேறுகிறார்கள். எது அறுந்தது என்று தெரிந்தால்தான் எது தேவை என்று சொல்ல முடியும்.

வேலையிடத்தில் அடிபட்டால் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சொக்சோ உதவி கேட்க அந்தப் பதிவு துணையாகும்.

என் தகப்பனார் கடைசி வரை ஒரு கையால் சுவரைப் பிடித்தே படி இறங்கினார். உங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்த நிலை வராமலிருக்க இந்தப் பேச்சு உதவினால், அதுவே எனக்குப் போதும்.