மாணவர் படையும் நம் வாலிபரும்

வேலப்பன்சாவடிக்கு அணித்தாகிய பூவிருந்தவல்லி ஒருகாலத்தில் ஆங்கிலேயப் பட்டாளத்தின் பாளையமாயிருந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அச்சர்க்கார் சில வகுப்பாரையே போர்க்குலத்தாரென வரைந்து, தென்னாட்டார் பலருக்குச் சேனையின் வாயிலைக் குறுக்கினர்.

குன்ஸ்ரு கமிட்டியாரின் யோசனைப்படி 1948இல் ஏற்பட்ட தேசிய மாணவர் படையிலோ ஜாதி வினவப்படுவதில்லை. (ஜாதிச் சங்கத்தாராகிய நாம் இதனைப் புகழ்வது சிலருக்கு நகைப்பாகலாம், ஆகுக.) 1949இல் பெண்மக்களுக்கும் பிரிவு தோன்றிற்று. அணிநடை, துப்பாக்கிப் பயிற்சி, முகாம் வாசம் ஆகியவற்றைப் பள்ளியில் முடித்தார்க்கு ‘ஏ’ பத்திரமும், கல்லூரியில் முறையே ‘பி’, ‘சி’ பத்திரங்களும் பரீட்சித்து அளிக்கப்படும். பட்டாளத்திற் சேரும் கட்டாயம் இல்லை.

நம்மவர் அறியவேண்டுவது ஒன்றுண்டு. உரிய வயதும் மதிப்பெண்ணும் உடைய பட்டதாரி, ‘சி’ பத்திரத்தில் தக்க தரம் பெற்றிருப்பின், எழுத்துப் பரீட்சையின்றியே அதிகாரிப் பதவிக்குரிய தேர்வு வாரியத்தின் முன் செல்ல விண்ணப்பிக்கலாம். அதிகாரிகளைப் பயிற்றும் கழகமோ நமக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையிலேயே இருக்கின்றது.