வெளிநாட்டு விமானங்களும் உள்நாட்டு வேலைகளும்: திருவனந்தபுரம் பராமரிப்பு மையத்திலிருந்து ஒரு பார்வை

திருவனந்தபுரம்: ஏர் இந்தியா நிறுவனம் போயிங்கிடமிருந்து 220 விமானங்களை வாங்கவிருப்பதாக 2023 பிப்ரவரி 14 அன்று அறிவிக்கப்பட்டபோது, அமெரிக்காவில் அச்செய்தியை வெளியிட முன்வந்தது வெள்ளை மாளிகையே. அந்தக் கொள்முதல் 44 மாநிலங்களில் 10 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வேலைவாய்ப்புகளுக்குத் துணைநிற்கும் என்று அப்போதைய அதிபர் ஜோ பைடன் தெரிவித்தார். அதே நாளில் ஏர்பஸ் நிறுவனத்துக்கு 250 விமானங்களுக்கான வாய்ப்பு கிடைத்தது. ஏர்பஸ் விமானங்களின் இறக்கைகள் வேல்ஸில் தயாராகின்றன. ஏ350 ரக விமானத்தின் எஞ்சின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்துடையது. ஆகவே வேல்ஸில் மட்டும் சுமார் 450 உற்பத்திப் பணியிடங்கள் உருவாகும் என்று பிரிட்டன் அரசும் கணக்கு வெளியிட்டது.

விலை கொடுப்பது இந்திய நிறுவனம். பயணச்சீட்டு வாங்குவது, பெரும்பாலும், இந்தியப் பயணி. அந்த இரு அரசுகளும் தத்தம் நாட்டு வேலைகளைக் கணக்கிட்டுக் கூறின. இந்தியாவுக்கு உரிய பங்கு எது என்பதை அறிய, திருவனந்தபுரம் விமான நிலைய வளாகத்தில் உள்ள ஏர் இந்தியா விமானப் பராமரிப்பு மையம் நல்ல உதாரணம்.

இங்கு வந்திறங்கிய விமானங்கள் தொடக்கம் முதலே வெளிநாட்டுத் தயாரிப்புகள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932இல் உருவான இந்தத் தளத்துக்கு 1935இல் டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் வந்தது. அது பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் தயாரித்த ஃபாக்ஸ் மாத் ரகம். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2005 ஏப்ரல் 29 அன்று, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தனது முதல் சேவையைத் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்டது போயிங் 737. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் கேரளத்தவருக்கும், இந்த விமான நிலையத்தையே நம்பியிருக்கும் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்தினருக்கும் அது பெரும் வரவாக அமைந்தது.

எனவே வெளிநாட்டு விமானம் வாங்குவதால் இந்தியத் தொழிலாளி வேலை இழக்கிறார் என்ற வாதத்தைச் சற்று நிதானித்தே அணுக வேண்டும். இழப்பதற்கு இங்கே பெரிய பயணியர் விமானத் தொழிற்சாலை ஏதும் இருந்ததில்லை. கான்பூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் பிரிட்டன் உரிமத்தின் கீழ் ஆவ்ரோ எச்எஸ்-748 விமானங்களைத் தயாரித்தது. அவற்றுள் முதலாவது 1961இல் பறந்தது. விமானப் படைக்கும் அன்றைய இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் அவை பயன்பட்டன. அந்தத் திட்டம் முடிந்தபின் அதன் இடத்தை வேறு விமானம் நிரப்பவில்லை. பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் உருவாக்கிய சரஸ் சிறு விமானம் 2004இல் முதன்முறையாகப் பறந்தது. 2009 மார்ச்சில் சோதனை ஓட்டத்தின்போது அது விபத்துக்குள்ளானதில் விமானப் படையைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். திட்டம் பல ஆண்டுகள் பின்தங்கியது. எச்ஏஎல் தயாரித்த 17 இருக்கை டோர்னியர் விமானத்தை அலையன்ஸ் ஏர் 2022 ஏப்ரலில் அசாமின் திப்ரூகர், அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட் நகரங்களுக்கிடையே இயக்கத் தொடங்கியது. இந்தியத் தயாரிப்பு விமானம் வணிகச் சேவையில் இடம்பெற்ற அந்நிகழ்வு கவனம் பெற்றதற்குக் காரணம் அதன் அரிதான தன்மையே.

வேலைக்கான வாய்ப்பு விமானம் வாங்கப்பட்ட பிறகு தொடங்குகிறது. ஒரு விமானம் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பறக்கிறது. குறிப்பிட்ட மணிநேரம் பறந்தபின் அதைச் சேவையிலிருந்து விலக்கி, தரைப் பலகைகளையும் இருக்கைகளையும் கழற்றி, உலோகத்தில் விரிசலோ அரிப்போ உண்டா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். சி சோதனை எனப்படுவது சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை நீளும். அதைவிடப் பெரிய கட்டமைப்புச் சோதனைகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர், தகட்டு வேலை செய்பவர், மின்னணுக் கருவி வல்லுநர், உடைக்காமல் குறை கண்டறியும் சோதனையாளர், உதிரிபாகக் கிடங்குக் காப்பாளர் எனப் பலருக்கு இதில் வேலை உண்டு. விமானத் தயாரிப்பு ஆலையைப் போலன்றி, இந்த வேலையை எந்த நாட்டிலும் செய்யலாம். ஹேங்கர் எனப்படும் விமானக் கூடம், உரிமம், கருவிகள், ஆள் ஆகிய நான்கும் வேண்டும், அவ்வளவே.

திருவனந்தபுரத்தில் அந்த நான்கும் உள்ளன. மாநில அரசு அளித்த நிலத்தில், போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களுக்காக இரு ஹேங்கர்களுடன் இந்த மையம் அமைக்கப்பட்டது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 737-800 விமானங்கள் இங்கே பராமரிக்கப்பட்டு வந்துள்ளன. சங்குமுகம் கடற்கரைக்கு அருகில் இருப்பதால் உப்புக்காற்றின் அரிப்பைப் பற்றி இங்குள்ள பொறியாளர்களுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த ஹேங்கரை உலகம் அறிந்துகொண்டது ஒரு போர் விமானத்தால். 2025 ஜூன் 14 அன்று பிரிட்டன் கடற்படைக் கப்பலிலிருந்து புறப்பட்ட எஃப்-35பி விமானம் திருவனந்தபுரத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. ஹைட்ராலிக் கோளாறினால் திரும்பிச் செல்ல இயலவில்லை. சில வாரங்கள் திறந்தவெளியில் மழையில் நின்றபின், ஜூலை 6 அன்று பிரிட்டனிலிருந்து தனி விமானத்தில் வந்த பொறியாளர் குழு அதைப் பராமரிப்பு மையத்தின் ஹேங்கருக்கு நகர்த்திப் பழுதுபார்த்தது. ஜூலை 22 அன்று அது புறப்பட்டது. கேரள சுற்றுலாத் துறை அதை வைத்து வேடிக்கை விளம்பரமும் வெளியிட்டது. ராணுவ ரகசியம் நிறைந்த விமானத்தை அந்நாட்டவரே தொட்டது இயல்பே. ஆயினும் பயணியர் விமானத்துக்கும் இதன் மென்மையான வடிவம் ஒன்று பொருந்தும்: கூடம் நம்முடையதாக இருந்தாலும், பழுதுபார்ப்பதற்கான கையேடு, உதிரிபாகம், அனுமதி ஆகியவை தயாரித்தவரிடமிருந்தே வர வேண்டும்.

2006இல் ஏர் இந்தியா 68 போயிங் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தபோது அது அரசு நிறுவனம். அந்த ஒப்பந்தத்துடன் இந்தியாவில் பராமரிப்பு மையம் அமைக்க 10 கோடி டாலர் முதலீடு செய்வதாக போயிங் உறுதியளித்தது. அதன் விளைவே நாகபுரி மையம். அது செயல்பாட்டுக்கு வர 2015 ஆகிவிட்டது. தாமதமானாலும், வாங்குபவர் கேட்டதால் கிடைத்த வேலைகள் அவை.

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்தின் வசமானது. ஆனால் பொறியியல் சேவைப் பிரிவான ஏஐஇஎஸ்எல் விற்பனையில் சேரவில்லை. திருவனந்தபுரம், நாகபுரி மையங்களை நடத்தும் அந்நிறுவனம் அரசிடமே தங்கிவிட்டது. விமானம் ஒருவரிடம், அதைப் பழுதுபார்க்கும் கூடம் இன்னொருவரிடம் என்ற நிலை அன்று ஏற்பட்டது. ராணுவக் கொள்முதலில் ஒப்பந்த மதிப்பின் ஒரு பங்கை விற்பனையாளர் இந்தியாவில் திருப்பி முதலீடு செய்ய வேண்டும் என்ற ஈடுகட்டு விதி 2005 முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் விமான நிறுவனத்தின் கொள்முதலுக்கு அப்படி விதி ஏதுமில்லை. பயணியர் விமானங்களை இன்னாரிடமே வாங்க வேண்டும் என்று விமான நிறுவனங்களை அரசுகள் நிர்ப்பந்திக்கக் கூடாது எனக் கூறும் 1980ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது உண்மை. ஆயினும் இண்டிகோ 2023 ஜூனில் ஒரே நாளில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தபோதும், ஆகாசா ஏர் 2024 ஜனவரியில் 150 போயிங் விமானங்களைக் கேட்டபோதும், முடிவைத் தீர்மானித்தவை விலையும் விநியோக நாளுமே.

சீனா வேறு வழியில் சென்றது. தன் சந்தையின் அளவைக் காட்டி, 2008இலேயே ஏ320 விமானங்களை ஒன்றிணைக்கும் ஆலையைத் தியான்ஜினில் அமைக்க ஏர்பஸ்ஸை வரவழைத்தது. பின்னர் சொந்தமாக சி919 விமானத்தை உருவாக்கி 2023 மே 28 அன்று வணிகச் சேவையில் ஈடுபடுத்தியது. அந்த விமானத்தின் எஞ்சினும் அமெரிக்க-பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பே என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். இந்தியாவில் ஏர்பஸ் விமானம் முழுமையாக ஒன்றிணைக்கப்படும் இடம் குஜராத்தின் வதோதரா; அங்கு உருவாவது விமானப் படைக்கான சி-295. ஒப்பந்தத்தில் உள்ள 56 விமானங்களில் 40 அங்கே தயாராகும். ஒரு பயணியர் விமானத்துக்கு இத்தகைய ஆலை இன்னும் அமையவில்லை.

எனினும் பாகங்கள் இங்கிருந்து செல்கின்றன. ஏ320 விமானங்களின் பயணியர் கதவுகளை எச்ஏஎல் நீண்ட காலமாகத் தயாரித்து வருகிறது. சரக்குக் கதவுகள் ஹைதராபாத்தின் டாடா ஆலைக்கும், ஏ220 கதவுகள் பெங்களூருவின் டைனமேடிக் நிறுவனத்துக்கும் வழங்கப்பட்டுள்ளன. ஏர்பஸ், போயிங் இரண்டும் தனித்தனியே ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் இந்தியாவிலிருந்து கொள்முதல் செய்கின்றன. வாங்கும் விமானங்களின் மதிப்போடு ஒப்பிட்டால் தொகை சிறிது. ஆனால் இயந்திரக் கூடங்களில் உள்ளவருக்கு அது நிலையான வேலை.

இதில் சேராத இன்னொரு கணக்கும் திருவனந்தபுரத்தில் உண்டு. 1997இல் இங்குள்ள டெக்னோபார்க்கில் வி.கே. மேத்யூஸ் தொடங்கிய ஐபிஎஸ் சாஃப்ட்வேர், உலகின் பல விமான நிறுவனங்களுக்கு மென்பொருள் வழங்குகிறது. பணியாளர் அட்டவணை, சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றை அந்த மென்பொருள்கள் கையாளுகின்றன. விமானம் எந்த நாட்டுத் தயாரிப்பாயினும் இந்த வேலைக்குத் தேவை உண்டு.

பராமரிப்புச் செலவில் பெரும் பங்கு எஞ்சினுக்கே செல்கிறது. அந்தப் பங்கு நெடுங்காலம் வெளிநாட்டுக்கே போனது. அதன் ஆபத்தை 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் காட்டியது. பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் உரிய காலத்தில் கிடைக்காததால் பாதி விமானங்கள் தரையில் நின்றதாகக் கூறி அந்நிறுவனம் திவால் நடவடிக்கையை நாடியது. எஞ்சின் நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. வாதம் எதுவாயினும், சம்பளம் நின்றது பல ஆயிரம் இந்திய ஊழியர்களுக்கு. 2025 நவம்பரில் ஹைதராபாத்தில் பிரான்ஸின் சஃப்ரான் நிறுவனம் லீப் எஞ்சின்களுக்கான பராமரிப்பு மையத்தைத் திறந்தது. முழு அளவில் இயங்கும்போது ஆண்டுக்கு 300 எஞ்சின்களைக் கையாளும் திறன் கொண்ட அது, நிலைமையில் மாற்றத்தைக் கொண்டுவரக்கூடும். வரியும் முன்பு தடையாக இருந்தது. பராமரிப்புச் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக 2020 ஏப்ரலில் குறைக்கப்பட்டது. உதிரிபாக இறக்குமதிக்கு 2024 ஜூலை முதல் ஒரே சீராக 5 சதவீத வரி. அதற்கு முன், விமானத்தைக் காலியாக வெளிநாட்டுக்கு ஓட்டிச் சென்று பழுதுபார்ப்பதே மலிவு என்ற விநோத நிலை இருந்தது.

உள்நாட்டிலேயே விமானம் தயாரிக்கும் பேச்சும் மீண்டும் எழுந்துள்ளது. எஸ்ஜே-100 பயணியர் ஜெட்டை இந்தியாவில் தயாரிக்க ரஷ்யாவின் யுஏசி நிறுவனத்துடன் 2025 அக்டோபரில் எச்ஏஎல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. மேற்கத்தியத் தடைகளுக்கு உள்ளான நிறுவனத்துடன் கூட்டு, விமானத்துக்கு இந்தியச் சான்றிதழ், வாங்க முன்வரும் விமான நிறுவனங்கள் ஆகிய மூன்றும் இன்னும் தாண்ட வேண்டிய படிகள். தும்பாவில் ராக்கெட் செய்யும் நாடு பயணியர் விமானம் செய்ய முடியாதா என்று இந்நகரில் அடிக்கடி கேட்கப்படுவதுண்டு. ராக்கெட்டை ஆண்டுக்குச் சில எண்ணிக்கையில் அரசு வாங்குகிறது. விமானத்தை நூற்றுக்கணக்கில், லாபம் பார்க்கும் நிறுவனங்களிடம் விற்க வேண்டும்; நாற்பது ஆண்டுகள் உதிரிபாகமும் தர வேண்டும்.

திருவனந்தபுரம் மையத்தின் முன் உள்ள சவால் இதைவிட அருகிலுள்ளது. ஏர் இந்தியா சிங்கப்பூரின் எஸ்ஐஏ இன்ஜினியரிங்குடன் சேர்ந்து பெங்களூரு விமான நிலையத்தில் சொந்தமாகப் பெரிய பராமரிப்பு வளாகத்தைக் கட்டி வருகிறது. கொச்சியில் விமான நிலைய நிறுவனத்தின் துணை நிறுவனம் தனி ஹேங்கர்களை நடத்துகிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்தை 2021 அக்டோபர் முதல் நிர்வகிக்கும் அதானி குழுமம், ஓசூரில் பராமரிப்புத் தளம் உள்ள ஏர் வொர்க்ஸ் நிறுவனத்தை வாங்க 2024 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் தலைமையகமும் கொச்சியிலிருந்து குருகிராமுக்கு மாறிவிட்டது.

அந்நிறுவனம் 2023 முதல் 737 மேக்ஸ் விமானங்களைச் சேர்த்து வருகிறது. பழைய 737-800 விமானத்துக்கு உரிமம் பெற்ற பொறியாளர், மேக்ஸ் விமானத்துக்குக் கையெழுத்திடத் தனிப் பயிற்சியும் அனுமதியும் பெற வேண்டும். அவ்விமானங்களின் பெரிய சோதனைகள் இனிவரும் ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வரும். அவை சங்குமுகத்தின் இரு ஹேங்கர்களுக்கு வருமா, பெங்களூருவுக்குச் செல்லுமா என்பது விமான நிறுவனமும் ஏஐஇஎஸ்எல்லும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.