நாற்காலி, ஈஸி சேர், ரிக்ளைனர்

கயத்தாறு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதர்தான். 1799 அக்டோபர் 16 அன்று மேஜர் பானர்மேன் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் முன்னால் விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது. சிவாஜி கணேசன் வாங்கிக் கொடுத்த இடத்தில் கட்டபொம்மன் இன்றும் சிலையாக நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

இந்தக் கட்டுரை உட்காருவதைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், சாய்ந்து உட்காருவதைப் பற்றியது. கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளின் ஹாலில் இப்போது டிவிக்கு எதிரே ஒரு பெரிய தோல் நாற்காலி இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால் முன்னால் தூக்கும். ரிக்ளைனர். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். இது எப்படி இந்தக் கரிசல் காட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது என்று பார்த்தால், நாற்காலியின் கதை ஒன்று, தோலின் கதை ஒன்று என்று இரண்டு கதைகள் கிடைக்கின்றன.

முதலில் நாற்காலி.

பழைய கரிசல் வீட்டில் உட்காருவதற்குத் திண்ணை உண்டு, பாய் உண்டு, கயிற்றுக் கட்டில் உண்டு. வசதியான வீடு என்றால் ஊஞ்சல். மற்றபடி குத்த வைப்பதுதான்! வேலையும் தரையில்தான். காட்டில் களை எடுப்பதானாலும் சரி, பின்னால் வந்த தீப்பெட்டி வேலையானாலும் சரி, குனிந்தோ தரையில் உட்கார்ந்தோ செய்கிற வேலைகள். நாற்காலி என்பது தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்த பொருள். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குக் கோவில்பட்டி வழியாக 1876-ல் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் வந்த பிறகும் வீடுகளுக்குள் நாற்காலி வர வெகுகாலம் ஆனது.

அந்த வருகையைப் பற்றி எழுதியவர் வேறு யாருமில்லை, பக்கத்து ஊர்க்காரரேதான். கயத்தாறுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருக்கும் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன். அவருடைய புகழ்பெற்ற சிறுகதைகளில் ஒன்றின் பெயரே 'நாற்காலி'. நாற்காலியே இல்லாத ஊரில் ஒரு குடும்பம் நாற்காலி செய்யச் சொல்கிறது. என்ன மரத்தில் செய்வது என்பதிலிருந்து வீடே கூடிப் பேசுகிறது. செய்து வந்ததும் ஊரே வேடிக்கை பார்க்கிறது. அப்புறம் ஒருநாள் ஊரில் ஒரு சாவு. செத்தவரை உட்கார வைக்க நாற்காலியை இரவல் கேட்டு வருகிறார்கள். கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்து, திரும்பி வந்த பிறகு வீட்டில் யாருக்கும் அதில் உட்கார மனம் வரவில்லை! சிரிக்கச் சிரிக்கப் படித்துவிட்டு யோசித்தால் தெரியும், அது ஒரு சரித்திர ஆவணம். ஒரு புதுப் பொருள் வீட்டுக்குள் வந்தால் அது வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருக்காது, ஊருக்கும் அதில் பங்கு உண்டு. இன்றைய ரிக்ளைனருக்கு அந்த ஆபத்து இல்லை. ஒன்று, நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். இரண்டு, ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டது.

சாதா நாற்காலிக்கு அடுத்தது ஈஸி சேர். மரச் சட்டம், மேலேயும் கீழேயும் ஒவ்வொரு கம்பு, நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும் கெட்டித் துணி. பின்பக்கம் வெட்டியிருக்கும் பள்ளங்களில் சட்டத்தை மாற்றி மாற்றி வைத்தால் சாய்வு கூடும், குறையும். வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் பங்களா வராந்தாவில் போட்டிருந்தது கொஞ்சம் வேறு மாதிரி. பிரம்பு பின்னி, கை வைக்கும் கட்டையை நீட்டிக் காலைத் தூக்கி அதன் மேல் போட்டுக்கொள்ளும்படி இருக்கும். நம்மூருக்கு அதைவிடத் துணி வைத்ததுதான் பிடித்துப்போனது. காரணம் எளிது. துணியில் காற்று போகும், வேர்வையை உறிஞ்சும், அழுக்கானால் உருவித் துவைக்கலாம், கிழிந்தால் வேறு தைத்துப் போடலாம். பருத்தி விளையும் மண்ணில் அதற்குப் பஞ்சமும் இல்லை. (மேல் கம்பை உருவிவிட்டுத் தாத்தா விழுவதைப் பார்க்கக் காத்திருந்த பேரன்கள் அநேகமாக எல்லாத் தெருவிலும் இருந்தார்கள்.)

ஈஸி சேருக்கு ஒரு குணம் உண்டு. அது ஒருவருக்கு மட்டுமானது. திண்ணையில் நாலு பேர் உட்காரலாம், பாயில் ஆறு பேர். ஈஸி சேரில் வீட்டுக்கு ஒருவர், அவர் பெரும்பாலும் ஆண், அதிலும் மூத்தவர். அவர் சாய்ந்திருப்பார், மற்றவர்கள் எதிரே நிற்பார்கள். வாடகை கொடுக்க வருகிறவர், கூலி கேட்டு வருகிறவர், மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்க வரும் மகன், காபி கொண்டு வரும் மனைவி எல்லோரும் நின்றபடிதான். தோப்பில் முஹம்மது மீரான் தன் நாவலுக்குச் 'சாய்வு நாற்காலி' என்றே பெயர் வைத்தார். 1997-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல் அது. தின்று தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு பழைய பெரிய வீடு, அதில் சாய்ந்து கிடந்தே வாழும் முஸ்தபாக்கண்ணு. வீட்டில் உள்ள சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. வீட்டுப் பெண் அடி வாங்குகிறாள். நாற்காலிதான் அங்கே அதிகாரம். எல்லா ஈஸி சேர்க்காரர்களும் அப்படி இல்லைதான். பேப்பூரில் மங்குஸ்தான் மரத்தடியில் அதே மாதிரி நாற்காலியில் சாய்ந்திருந்த வைக்கம் முகமது பஷீரைப் பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்தது.

வீட்டுக்கு வெளியே இந்த நாற்காலி விவகாரம் இன்னும் கடுமையானது. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. "செய்தது" என்று இறந்த காலத்தில் எழுதுவதற்கே தயக்கமாக இருக்கிறது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான பட்டியலினப் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்ததே, மறந்திருக்காது. மற்றவர்கள் நாற்காலியில்தான் இருந்தார்கள்.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். முதுகைச் சாய்க்கும் நாற்காலி இங்கிலாந்தில் 1860களிலேயே வில்லியம் மாரிஸின் கம்பெனியிலிருந்து வந்துவிட்டது. அதிலும் நம் ஈஸி சேர் மாதிரி ஒரு கம்பியை மாற்றி மாட்டும் ஏற்பாடுதான். இன்றைய ரிக்ளைனரின் நேரடி முன்னோர் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மன்றோ என்ற ஊரில் 1928-ல் பிறந்தது. எட்வர்ட் நபுஷ், எட்வின் ஷூமேக்கர் என்ற இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் செய்தது. முதலில் அது வெறும் மரப்பட்டை நாற்காலி, வராந்தாவில் போட. குளிர் நாட்டில் வராந்தா நாற்காலி எத்தனை மாதம் விற்கும்? மெத்தை வைத்துத் தைத்தால் வருஷம் முழுக்க விற்கலாமே என்ற யோசனை வந்தது. பெயருக்குப் போட்டி வைத்தார்கள். ஜெயித்த பெயர் 'லேஸி பாய்'. சோம்பேறிப் பையன்! நம்மூரில் அப்படிப் பெயர் வைத்து அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குளிருக்காக மெத்தை ஏறிய அந்த நாற்காலிதான் தோல் போர்த்திக்கொண்டு சுற்றி வந்து கயத்தாற்று வெயிலில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது தோலின் கதை. இதுதான் முக்கியமானது.

இந்த வட்டாரத்தில் தோல் இல்லாமல் விவசாயமே இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலையில் கூனைக்குக் கீழே நீளமாகத் தொங்கும் வால் தோலால் ஆனது. மாட்டுக்கு வார், காலுக்குச் செருப்பு எல்லாம் தோல். செத்த மாட்டை எடுத்து, உரித்து, பதப்படுத்தி, தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர் மக்கள். அவர்கள் தைத்த வாலில் வந்த தண்ணீரில் பயிர் விளைந்தது. அவர்களுக்கோ ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லை, திண்ணையில் இடம் இல்லை. தோல் தீட்டு. செருப்பு வாசலோடு நின்றது, செருப்பைத் தைத்தவர் வாசலுக்கும் அப்பால் நின்றார்.

கரிசலில் தானாக மண்டிக் கிடக்கும் ஆவாரஞ்செடி இருக்கிறதல்லவா, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே மஞ்சள் பூ, அதன் பட்டைதான் தமிழ்நாட்டுத் தோல் பதனிடுதலுக்கு மூலப்பொருளாக இருந்தது. கூடக் கடுக்காய். இப்படிப் பதனிட்ட தோல்கள் சென்னை வழியாகக் கப்பலேறி லண்டனுக்குப் போயின. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இந்த வியாபாரத்தில் வளர்ந்தன.

பிறகு வந்தது குரோம். ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் (சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலை ஆரம்பித்து வைத்தவரும் இவரே) சென்னை கலைப் பள்ளியில் 1903 வாக்கில் குரோம் உப்பால் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனதில் இருந்தது சோபாவும் இல்லை, ஷூவும் இல்லை. நம் கமலைதான்! பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் அழுகிவிடும், குரோம் தோல் தாங்கும் என்பது கணக்கு. அடுத்த பத்தாண்டில் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். இன்று உலகம் முழுக்கத் தோல் பெரும்பாலும் குரோம் முறையில்தான் பதனிடப்படுகிறது. கிணற்றுக்காக நம்மூருக்கு வந்த வித்தை, மோட்டார் பம்ப் வந்து கமலை போன பிறகும் நின்றுவிட்டது.

வணிகவியலில் விலை என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்று பாடம் உண்டு. ஷோரூம் சீட்டில் எழுதியிருக்கும் தொகையில் பாலாறு அடங்காது. தோல் ஆலைக் கழிவால் கெட்ட நிலத்தையும் தண்ணீரையும் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் செத்துப் போனார்கள்.

ஆக, வாசற்படியில் நின்ற தோல் இன்று நடு ஹாலில், வீட்டிலேயே உசத்தியான இடத்தில். தீட்டு எங்கே போயிற்று? ஆலைக்குள் போய், நிறம் ஏறி, விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு வந்ததும் தீட்டு போய்விட்டது. பொருளுக்குக் கிடைத்த இந்த மன்னிப்பு மனிதர்களுக்கு அத்தனை சுலபமாகக் கிடைக்கவில்லை. அருந்ததியருக்கு 3 சதவீத உள் இட ஒதுக்கீடு வந்தது 2009-ல். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஆகஸ்டில்!

சரி, தோல் நாற்காலியோடு வாழ்வது எப்படி? கயத்தாறில் சித்திரை வெயிலில் வாழ்வது கஷ்டம்தான். முதுகு ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் சட்டையும் கூடவே வராது. அதனால் முதல் வாரத்திலேயே மேலே ஒரு துண்டு விழுந்துவிடும், அப்புறம் பெட்ஷீட். அத்தனை விலை கொடுத்த தோல் கண்ணில் படுவது விருந்தாளி வரும்போது மட்டும். கரிசல் புழுதி தையல் இடுக்கில் போய் உட்காரும். உண்மையான தோல் என்றால் காய்ந்து வெடிக்காமல் அவ்வப்போது துடைத்துப் பராமரிக்க வேண்டும். விற்பதில் நிறைய உண்மைத் தோலும் இல்லை. துணி மேல் பிளாஸ்டிக் பூசியது. ரெக்சின் என்ற இங்கிலாந்துக் கம்பெனிப் பெயரே நம் வாயில் அந்தப் பொருளின் பெயராகிவிட்டது. அது மேல்தோல் உரிந்து செதில் செதிலாகக் கொட்டும். வருமான வரி விதியில் மேசை நாற்காலிக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம். வெயில் அந்த விதியைப் படித்ததில்லை. மோட்டார் வைத்த ரகத்தில் இன்னொரு வேடிக்கை: சுற்றிலும் காற்றாலை சுழலும் ஊரில் கரண்ட் போனால், பாதி சாய்ந்தவர் பாதியிலேயே கிடக்க வேண்டும்.

குறையை மட்டும் சொன்னால் நியாயமில்லை. முழங்கால் ஆபரேஷன் செய்தவர்களுக்கும், படுத்தால் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் அது பெரிய உதவி. இழுப்பு நோய்க்காரர்கள் ராத்திரியெல்லாம் ஈஸி சேரில் சாய்ந்தே கழித்த வீடுகள் முன்பும் இருந்தன.

யார் உட்காருவது என்பதில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. சாயங்காலம் அப்பா வந்துவிட்டால் அது அப்பாவின் இடம். ஆச்சிக்குத் தரைதான் வசதி, அதன் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்வார். அம்மா உட்காருவது மத்தியானம், வேலை முடிந்து, சீரியல் நேரத்தில். பிடியை இழுக்க மாட்டார், நிமிர்ந்தபடிதான். வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து, துண்டைச் சரி செய்துவிட்டு உள்ளே போய்விடுவார்.