1969 குடியரசுத் தலைவர் தேர்தல்: அரசியல் பழைமைவாதமும் அரசமைப்புக் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

1969ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தல் பெரும்பாலும் காங்கிரசுக் கட்சிப் பிளவின் தொடக்கமாகவே வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. இக்கட்டுரை அதனை அரசமைப்புக் கடமை பற்றிய ஒரு வழக்காக அணுகுகிறது. தேர்தலில் தோற்ற பழைமைவாதத் தரப்பும் வென்ற தரப்பும் தத்தம் கடமையை எவ்வாறு புரிந்துகொண்டன, அத்தேர்தலில் தமிழ்நாட்டு வாக்குகளின் எடை யாது, பிணக்கைத் தீர்க்கும் மன்றம் பின்னர் என்ன ஆயிற்று ஆகிய வினாக்கள் ஆராயப்படுகின்றன. ஓர் அரசியல் தரப்பின் அரசமைப்புப் பற்றினை அது நிறுத்திய வேட்பாளரைக் கொண்டன்றி, தோல்விக்குப் பின் அது சென்ற வழியைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குடியரசுத் தலைவர் தேர்தல், பழைமைவாதம், சுதந்திராக் கட்சி, வி. வி. கிரி, தேர்தல் மனு, அரசமைப்புச் சட்டம்

முன்னுரை

வானூர் வட்டாரத்தில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்பவர் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கும், புதுச்சேரியிலிருந்து மீண்டும் தமிழ்நாட்டிற்கும் தம்மை அறியாமலே கடந்துவிடுவதுண்டு. பேச்சும் உறவும் சந்தையும் இருபுறமும் ஒன்றே. ஆயினும் 1969 ஆகஸ்டு 16 அன்று நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில் இவ்வெல்லைக்கோடு ஒரு பெரும் வேறுபாட்டை உண்டாக்கியது. அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வட்டாரத்து மக்களின் சட்டமன்ற உறுப்பினருக்கு அத்தேர்தலில் வாக்குரிமை இருந்தது. எல்லைக்கு அப்பால் புதுச்சேரிச் சட்டமன்ற உறுப்பினருக்கோ அவ்வுரிமை இல்லை. புதுச்சேரியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்க முடிந்ததேயன்றி அதன் சட்டமன்றத்திற்கு இடம் தரப்படவில்லை. 1992ஆம் ஆண்டின் 70ஆவது அரசமைப்புத் திருத்தமே தில்லி, புதுச்சேரிச் சட்டமன்றங்களை வாக்காளர் குழாத்தில் சேர்த்தது.

மக்கள் நேரடியாக வாக்களிக்காத ஒரு தேர்தல் மக்களுக்கு எவ்வகையில் உரியது என்னும் வினாவை இவ்வேறுபாடு எழுப்புகிறது. தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு மக்கள்தொகை 3,36,86,953. இதனைச் சட்டமன்றத்தின் 234 இடங்களால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு 144 எனக் கிடைக்கும். நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 576. சட்டமன்ற உறுப்பினர் அளிக்கும் வாக்கில் அவருடைய தொகுதி மக்களின் எண்ணிக்கை இவ்வாறு பொதிந்துள்ளது. ஆகவே அவ்வாக்கு எவ்வாறு கோரப்பட்டது, அதன் பயன் எவ்வாறு வழக்கிற்கு உள்ளானது என்பன வானூர் போன்ற ஊர்களின் வரலாற்றிலும் அடங்கும்.

பழைமைவாதம்: சொல்லும் பொருளும்

தமிழக அரசியல் வழக்கில் ‘பழைமைவாதம்’ என்னும் சொல் பெரும்பாலும் சாதி, சமயம் சார்ந்த பிற்போக்கையே குறிக்கிறது. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் ‘குலக்கல்வித் திட்டம்’ என எதிர்க்கப்பட்டுக் கைவிடப்பட்ட நிகழ்வு இப்பொருளை மேலும் உறுதிப்படுத்தியது. இக்கட்டுரை அச்சொல்லை அரசியல் கோட்பாடு என்னும் பொருளில் கையாளுகிறது. அரசின் அதிகாரத்திற்கு வரம்பு வேண்டும், சொத்துரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும், மாற்றங்கள் நிறுவனங்களைச் சிதைக்காமல் படிப்படியாக நிகழ வேண்டும் என்பன அக்கோட்பாட்டின் கூறுகள். 1959இல் இராஜாஜி முன்னின்று தொடங்கிய சுதந்திராக் கட்சி இக்கோட்பாட்டின் தெளிவான இந்திய வடிவமாகும்.

இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை எனக் கொள்ளுதல் பொருந்தாது. நிலமற்ற உழவுத் தொழிலாளர் மிகுந்த ஒரு வட்டாரத்தில், சொத்துரிமைக்கான பாதுகாப்பு என்பது தம்மிடம் இல்லாத ஒன்றிற்கான பாதுகாப்பாகவே பலருக்குத் தோன்றியிருக்கும். பழைமைவாதத்தின் பொருளாதாரக் கொள்கையை ஏற்காத ஒருவர் அதன் அரசமைப்பு நெறியை ஏற்க இயலுமா என்பது இங்கு எழும் உண்மையான சிக்கல். 1969ஆம் ஆண்டு நிகழ்வுகள் இதற்கு விடை காண உதவுகின்றன.

தேர்தலின் பின்னணி

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் காலமானார். துணைத் தலைவர் வி. வி. கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். சூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரசு நாடாளுமன்றக் குழு, பிரதமர் இந்திரா காந்தியின் விருப்பத்திற்கு மாறாக, நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராகத் தெரிவு செய்தது. காமராசர், மொரார்ஜி தேசாய் முதலியோர் ரெட்டியை ஆதரித்தனர். அடுத்த சில நாள்களில் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. சூலை 19 அன்று 14 வங்கிகள் அவசரச் சட்டத்தின் வழி நாட்டுடைமையாக்கப்பட்டன. அதனைப் பிறப்பித்த கிரி, மறுநாளே பதவி விலகித் தனி வேட்பாளராகப் போட்டியிட முன்வந்தார்.

இங்கு ஓர் அரசமைப்புப் புதிர் உள்ளது. குடியரசுத் தலைவர் தம் விலகல் கடிதத்தைத் துணைத் தலைவருக்கும், துணைத் தலைவர் குடியரசுத் தலைவருக்கும் எழுத வேண்டும் என்பது விதி. கிரியோ துணைத் தலைவராக இருந்துகொண்டே தலைவர் பொறுப்பையும் வகித்தவர். இவ்விரு பதவிகளும் ஒருங்கே வெறுமையாகும் நிலையைக் கருதி 1969 மே மாதத்திலேயே நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. அதன்படி தலைமை நீதிபதி எம். இதயத்துல்லா பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். அரசியல் கொந்தளிப்புக்கு இடையிலும் நாட்டின் உயர்பதவி ஒரு நாளும் வெற்றிடமாகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சுதந்திராக் கட்சியும் பாரதீய ஜனசங்கமும் முன்னாள் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக்கை நிறுத்தின. முதன்மை வேட்பாளர் மூவருள் இருவர் தமிழகப் பழைமைவாதத்தின் தலைமகனோடு தொடர்புடையவர்கள் என்பதும் கருதத்தக்கது. கிரி, 1937இல் இராஜாஜி அமைத்த சென்னை மாகாண அமைச்சரவையில் இடம்பெற்றவர். தேஷ்முக் இராஜாஜியின் கட்சியால் ஆதரிக்கப்பட்டவர்.

மனச்சாட்சியும் கட்டுப்பாடும்

காங்கிரசுத் தலைவர் நிஜலிங்கப்பா, இரண்டாம் விருப்ப வாக்குகளை ரெட்டிக்குப் பெறுவதற்காகச் சுதந்திரா, ஜனசங்கத் தலைவர்களைச் சந்தித்தார். இச்சந்திப்பைக் காரணம் காட்டி, கட்சிக் கட்டுப்பாட்டிற்கு மாறாக மனச்சாட்சிப்படி வாக்களிக்கும் உரிமை வேண்டும் என்னும் குரலை இந்திரா காந்தியின் தரப்பு எழுப்பியது. இரு தரப்பும் கடமையைப் பற்றியே பேசின. கட்சி முறைப்படி எடுத்த முடிவை மதித்தல் கடமை என்றது ஒரு தரப்பு. உறுப்பினரின் தனித்தீர்ப்பே கடமை என்றது மற்றொன்று.

சட்டத்தின் எழுத்தை நோக்கின், இரண்டாம் வாதமே வலுவுடையது. பிரிவு 55 இத்தேர்தலை இரகசிய வாக்கெடுப்பாக வகுத்துள்ளது. இரகசிய வாக்கை எந்தக் கொறடாவும் கட்டுப்படுத்த இயலாது. ஆனால் மனச்சாட்சி உரிமையைக் கோரியவர் அமைச்சரவைக்குத் தலைமை வகிக்கும் பிரதமர். அவருடைய வேண்டுகோளுக்கு அதிகாரத்தின் எடையும் சேர்ந்தே இருந்தது. ஆகவே மனச்சாட்சி எங்கு முடிந்தது, அதிகாரத்தின் ஈர்ப்பு எங்குத் தொடங்கியது என வரையறுப்பது எளிதன்று.

எண்கள் காட்டும் தமிழகப் பங்கு

ஆகஸ்டு 20 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. முதல் விருப்ப வாக்குகளில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769 பெற்றனர். செல்லத்தக்க மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்குரிய அளவு 4,18,169. முதற்சுற்றில் எவரும் அதனை எட்டவில்லை. ஏனையோர் நீக்கப்பட்டு இரண்டாம் விருப்பங்கள் சேர்க்கப்பட்டபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என முடிவு அமைந்தது. வேறுபாடு 14,650. வெற்றிக்குரிய அளவினைக் கிரி கடந்ததோ 1,908 மட்டுமே. இது தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் 14 பேரின் வாக்கு மதிப்பைவிடக் குறைவு.

கிரியை ஆதரித்த திராவிட முன்னேற்றக் கழகம் 1967 தேர்தலில் 25 மக்களவை இடங்களையும் 130க்கு மேற்பட்ட சட்டமன்ற இடங்களையும் வென்றிருந்தது. 130 எனக் குறைத்துக் கணக்கிட்டாலும் சட்டமன்ற வாக்கு மதிப்பு 18,720, மக்களவை வாக்கு மதிப்பு 14,400, ஆக மொத்தம் 33,120 ஆகும். எவர் எவருக்கு வாக்களித்தார் என்பது இரகசியமாதலின் இது கட்சி வலிமையின் கணக்கேயன்றி வாக்குகளின் கணக்கன்று. எனினும் இறுதி வேறுபாட்டைப் போல் இருமடங்கிற்கும் மேலான எடை ஒரே மாநிலத்தின் ஒரு கட்சியிடம் இருந்தது என்பது தெளிவு.

அக்கழகத்தோடு 1967இல் கூட்டணி அமைத்து 20 சட்டமன்ற இடங்களை வென்றது சுதந்திராக் கட்சி. காங்கிரசின் தனியாதிக்கத்தை வீழ்த்த ஒன்றுபட்ட இரு கட்சிகள், ஈராண்டுகளுக்குள் வெவ்வேறு வேட்பாளர்களை ஆதரித்தன. 1971இல் சுதந்திராக் கட்சி, தான் முன்பு எதிர்த்த காமராசரின் நிறுவனக் காங்கிரசோடு சேர்ந்து போட்டியிட்டுத் தோற்றது. தமிழகப் பழைமைவாதத்தின் தேர்தல் வலிமை அதன்பின் மீளவில்லை.

நீதிமன்றத்தில் குடியரசுத் தலைவர்

தோல்விக்குப் பின் நிகழ்ந்ததே இக்கட்டுரையின் மையம். கிரியின் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் 4 மனுக்கள் தாக்கலாயின. மனுதாரருள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தனர். வேட்பு மனுக்களின் ஏற்பும் தள்ளுபடியும் பற்றிய குறைகளோடு, ரெட்டியை இழிவுபடுத்தும் பெயரிலித் துண்டறிக்கை நாடாளுமன்ற மைய மண்டபத்திலேயே வழங்கப்பட்டது, அது முறையற்ற செல்வாக்கு என்பது முதன்மைக் குற்றச்சாட்டாக வைக்கப்பட்டது. கிரி நேரில் வந்து சாட்சியம் அளித்தார். பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் ஒருவர் தம் பதவியின் செல்லுந்தன்மை குறித்த வழக்கில் சாட்சியாக நின்றது அரிய நிகழ்வாகும்.

நீதிபதி எஸ். எம். சிக்ரி தலைமையிலான ஐவர் அமர்வு 1970இல் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. துண்டறிக்கை வழங்கப்பட்டதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அது கிரியின் இசைவுடன் நடந்தது என்பதோ, தேர்தல் முடிவைப் பொருண்மையாக மாற்றியது என்பதோ மெய்ப்பிக்கப்படவில்லை. ஐயம் வேறு, மெய்ப்பு வேறு என்னும் இவ்வேறுபாட்டைத் தோற்றோர் ஏற்றனர். கிரி தம் பதவிக்காலம் முடியும் வரை குடியரசுத் தலைவராக இருந்தார்.

அதே காலத்தில் பழைமைவாதத் தரப்பு வேறு வழக்குகளில் வெற்றியும் கண்டது. சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த ஆர். சி. கூப்பர் தொடுத்த வழக்கில் வங்கி நாட்டுடைமைச் சட்டம் 1970 பிப்ரவரியில் செல்லாததாயிற்று. முன்னாள் மன்னர்களின் ஏற்பை நீக்கிக் கிரி பிறப்பித்த ஆணையும் அவ்வாண்டு டிசம்பரில் செல்லாததாயிற்று. அரசு மறுசட்டத்தாலும் அரசமைப்புத் திருத்தத்தாலும் இவற்றைக் கடந்தது. ஒருமுறை வென்றும் ஒருமுறை தோற்றும் இரு தரப்பும் ஒரே மன்றத்திற்கே திரும்பின.

ஓர் அயல்நாட்டு ஒப்பீடு

அமெரிக்க நிகழ்வு ஒன்று இதன் பொருளைத் தெளிவாக்கும். 2021 சனவரி 6 அன்று, 2020 தேர்தலின் தேர்வாளர் வாக்குகளை எண்ணும் கூட்டமர்வுக்குத் துணைத் தலைவர் மைக் பென்ஸ் தலைமை வகித்தார். பழைமைவாதியான அவர், தாமும் வேட்பாளராக நின்று தோற்ற தேர்தலின் வாக்குகளைத் தள்ளுமாறு தம் தரப்பினராலேயே வற்புறுத்தப்பட்டார். தமக்கு அவ்வதிகாரம் இல்லை என அவர் மறுத்தார். வன்முறையால் அவை கலைந்து மீண்டும் கூடியபின் எண்ணிக்கை நிறைவு பெற்றது. அங்கு முறை காப்பாற்றப்பட்டது ஒருவரின் மறுப்பாலும் அவையின் உறுதியாலும் ஆகும். 1969 இந்தியாவில் வேட்பாளர் பதவியிலிருந்து விலகினார். பிணக்கைக் கேட்க நீதிமன்றம் இருந்தது. தனியொருவரின் நேர்மையைச் சார்ந்திராமல் மன்றத்தைச் சார்ந்திருந்தது நம் முறையின் வலிமை.

மூடிய கதவும் திறந்த கையும்

அம்மன்றம் நிலையானதாக இருக்கவில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1975 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 39ஆவது திருத்தம் பிரிவு 71ஐ மாற்றி, குடியரசுத் தலைவர் தேர்தல் பிணக்கு உச்ச நீதிமன்றத்திற்கு உரியது என்னும் நிலையை நீக்கியது. பிரதமர், மக்களவைத் தலைவர் ஆகியோரின் தேர்தல்களையும் அது வழக்கமான நீதிமன்ற ஆய்வுக்கு அப்பாற்படுத்தியது. 1969இல் மனச்சாட்சியின் பெயரால் வென்ற தரப்பே 1975இல் வழக்கின் கதவை மூடியது.

அக்கதவைத் திறந்தது 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்தை அது மீட்டளித்தது. 1979 ஏப்ரலில் அத்திருத்தத்திற்கு ஒப்புதல் அளித்த குடியரசுத் தலைவர், 1977இல் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட நீலம் சஞ்சீவ ரெட்டி. 1969இல் 14,650 மதிப்பில் தோற்ற அவரே, தம் பதவியையும் கேள்விக்கு உட்படுத்தவல்ல அதிகாரம் நீதிமன்றத்திற்குத் திரும்பும் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

முடிவுரை

1969இல் பழைமைவாதத் தரப்பு தேர்தலிலும் தோற்றது. மக்கள் ஆதரவையும் இழந்தது. அதன் பொருளாதாரக் கொள்கையைத் தமிழக மக்கள் ஏற்கவில்லை. ஏற்காமைக்குத் தக்க காரணங்களும் இருந்தன. ஆயினும் தோல்வியை வழக்காக மாற்றி, வழக்கில் வந்த தீர்ப்பை ஏற்றுக்கொண்ட நெறி தனித்து மதிக்கத்தக்கது. கொள்கையை மறுப்பவரும் அந்நெறியை ஏற்க இயலும், ஏற்கவும் வேண்டும். ஏனெனில் அந்நெறி சொத்துடையோரை மட்டும் காப்பதன்று. நிலமற்றவரின் ஊரிலிருந்து சென்ற 144 என்னும் வாக்கு மதிப்பும் முறையாக எண்ணப்படுவதற்கும், எண்ணியது தவறெனின் கேட்கப்படுவதற்கும் அதுவே காப்பு. வாக்கே இல்லாதிருந்த புதுச்சேரிச் சட்டமன்றம் பின்னர் வாக்குரிமை பெற்றதும் அரசமைப்பைத் திருத்தும் வழியிலேதான். வானூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான எல்லை இன்றும் ஊர்களுக்கு ஊடே வளைந்து செல்கிறது. ஆனால் இத்தேர்தலைப் பொறுத்தவரை அதன் இருபுறத்து மக்களும் இன்று ஒரே வாக்காளர் குழாத்தின் வழி பேசுகின்றனர்.