தொலைந்துபோன ஹேர்மிஸ்

சிறுகோள்களில் என் மனதில் நிற்பது ஹேர்மிஸ்தான். 1937 ஒக்டோபர் 28இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் கார்ல் ரைன்முத் எடுத்த படத்தில் அது ஒரு கீறலாக விழுந்தது. சந்திரனைவிட ஏறத்தாழ இருமடங்கு தூரத்தில் பூமியைக் கடந்து, சில நாட்களிலேயே மறைந்தது. சுற்றுப்பாதையைக் கணிக்க அந்தப் பதிவுகள் போதவில்லை. சிறு பிழையும் ஒவ்வொரு சுற்றிலும் பெருகிவிடும். எங்கே தேடுவது?

1942 ஏப்ரலில் இன்னும் கிட்ட வந்துபோனது. உலகமோ போரில் கிடந்தது, ஒருவரும் காணவில்லை.

2003 ஒக்டோபரில் அரிசோனாவில் பிரையன் ஸ்கிஃப் ஒரு புள்ளியைப் பதிவு செய்தார். பாதையைப் பின்னோக்கிக் கணித்தால், 66 ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்த அதே ஹேர்மிஸ்! அரெசிபோ ராடார் இன்னொன்றும் காட்டியது: அது ஒன்றல்ல, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கற்கள்.