கிணற்று மேட்டிலிருந்து பனியன் கம்பெனிக்கு

ஒருவர் தன் வாழ்க்கையையும் தன் குடும்பத்தையும் சான்றாக வைத்து, தான் பிறந்த சமூகத்தை ஆராய்வதே தன்னினவரைவியல். இதைப் பற்றி மானிடவியலாளர் டேவிட் ஹயானோ 1979-ல் எழுதிய கட்டுரை முக்கியமானது. தமிழில் பாமாவின் 'கருக்கு' (1992) இந்த வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது.

சுயசரிதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சுயசரிதை 'இப்படி நடந்தது' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். தன்னினவரைவியல் 'ஏன் இப்படி நடந்தது, யாருக்கு நடக்கவில்லை' என்றும் கேட்க வேண்டும்.

திருப்பூருக்கு வடக்கே உள்ள பெருமாநல்லூர் இதற்கு நல்ல உதாரணம். அன்று கோவை மாவட்டத்தில் இருந்த இந்த ஊரில், 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். கிணற்றுப் பாசனத்தை நம்பிய பூமி இது. கரண்ட் பில் ஏறினால் தோட்டமே ஆட்டம் கண்டுவிடும். அடுத்த தலைமுறையில் பலர் தோட்டத்தை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை.

அப்படிப் போய் முதலாளி ஆனவர்களின் கதைகளைத்தான் சரத் சாரி 'ஃப்ராட்டர்னல் கேபிடல்' (2004) என்ற நூலில் ஆராய்ந்தார. விவசாயக் கவுண்டர் குடும்பங்களில் பிறந்து, தொழிலாளியாக இருந்து முதலாளியான பலர், தங்கள் வெற்றிக்குக் காரணமாகச் சொன்னது 'உழைப்பு' என்ற ஒரே சொல். அது பொய்யல்ல. ஆனால் உழைப்புடன் சாதிக்காரர், சொந்தக்காரர் ஆதரவும் சேர்ந்திருந்தது. அதே தோட்டத்தில் பாடுபட்ட பெண்களுக்கும் தலித்துகளுக்கும் அந்தக் கதவு அப்படித் திறக்கவில்லை.

ஆகவே பெருமாநல்லூர்க்காரர் ஒருவர் தன் குடும்ப வரலாற்றை எழுதினால், அப்பாரு கிணறு வெட்டியதையும் அப்பா கம்பெனி தொடங்கியதையும் மட்டும் எழுதினால் போதாது. பட்டா யார் பெயரில் இருந்தது? பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்? அப்பத்தா களை எடுத்ததும், அம்மா பிசிறு வெட்டியதும் ஏன் யார் வாயிலும் 'உழைப்பு' என்று வருவதில்லை?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போது பெருமை கொஞ்சம் குறையலாம். ஆனால் குடும்பக் கதை வரலாறாக மாறுவது அங்கேதான்.